டிஸ்லெக்சியாவுக்கும் ஓகேயு கார்டு உண்டு

அண்ணே, உங்க பதிவுல, படிக்க எழுத சிரமப்படுற டிஸ்லெக்சியாவுக்கு மலேசியாவுல மாற்றுத்திறனாளிக்கான ஓகேயு கார்டே கிடையாது, ஃபாரம் படிக்கத் தெரியலன்னா மில்லுல உடனே நிறுத்திடலாம்னு போட்டிருக்கீங்க, ரெண்டுமே தப்பு. ஓகேயு கார்டு குடுக்குற சமூக நல இலாகா ஜேகேஎம்ல கற்றல் குறைபாடுன்னு ஒரு பிரிவு இருக்கு, டிஸ்லெக்சியா அதுலதான் வருது, டாக்டர் உறுதிப்படுத்தினா பதியலாம். 2008 ஓகேயு சட்டம் 29வது பிரிவு வேலை உரிமைய சொல்லுது, ஆனா மீறுற முதலாளிக்கு தண்டனைன்னு ஒண்ணும் இல்ல, அது பெரிய ஓட்டைதான், அதுக்காக வழியே இல்லன்னு சொல்லக்கூடாது. லோரி நம்பர மாத்தி எழுதிட்டான்னு நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துப் பையன ஞாயமான காரணமில்லாம நிறுத்தினா 60 நாளுக்குள்ள தொழிலுறவு இலாகாவுல மனு குடுக்கணும், தோட்டத்துல மேற்பார்வை பாக்குற மண்டோர்கிட்ட பேசிப் பேசியே நிறைய பேரு அந்த நாள கோட்டை விட்டுடுறாங்க. வேலையில இருக்கும்போதே பாகுபாடு காட்டினா 2023 ஜனவரியிலருந்து லேபர் ஆபீஸ்ல வேலைச் சட்டத்தோட 69எஃப் பிரிவுல புகார் போடலாம். தயவுசெஞ்சு பதிவ திருத்துங்கண்ணே, இத நம்பி யாராச்சும் சும்மா இருந்துடப் போறாங்க.