அளந்து வைத்த போத்தல்

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் மனதைத் திடமாக வைத்திருக்க வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு, அதாவது இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க, போய்வருகிறேன், இது மூன்றாவது வருடம். ஊசி பழகிவிட்டது, தாகம் பழகவில்லை. எனக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 750 மில்லிலீற்றர்தான். தேத்தண்ணீர், சொதி எல்லாம் அதற்குள். காலையிலேயே மனைவி போத்தலில் அளந்து வைப்பாள். சித்திரை வெயிலில் பின்னேரம் மூன்று மணிக்கே போத்தல் காலி. அப்புறம் ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டு, கரையும்வரை யாரோடும் கதைக்காமல் இருப்பேன்.

முற்றத்தில் செவ்விளநீர் குலைகுலையாகத் தொங்குகிறது. அதில் பொட்டாசியம் அதிகம், அது இரத்தத்தில் கூடினால் இதயத்துடிப்பே நின்றுவிடலாம் என்பதால் எனக்கு விலக்கு. வருகிறவர்களுக்கு மகன் வெட்டிக் கொடுப்பான், நான் கோம்பை பொறுக்கிப் போடுவேன். குடித்துவிட்டு, "இப்ப சுகம்தானே?" என்று கேட்பார்கள். இது சுகமாகிற வருத்தம் இல்லை என்று எத்தனை பேருக்குச் சொல்வது? ஓம் என்று தலையாட்டிவிடுவேன்.

கோபம் முழுக்க மனைவி மேல்தான் போகிறது, அதுவும் அந்தப் போத்தலை வைத்து. அவளுடைய மனத்திடம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நேற்று அவள் அடுப்படிக்குள் ஒளித்துத் தண்ணீர் குடித்ததைக் கண்டேன்.