ஈப்போவில் வீடு வாங்குகிறவர்கள் மண்ணைப் பற்றிக் கேளுங்கள்

ஈப்போ என்றதும் வெள்ளைக் காப்பி, சுவரோவியங்கள், 1917இல் கட்டி முடித்த ரயில் நிலையம் என்று அடுக்குகிறோம். எல்லாம் பெருமைதான். ஆனால் இந்த ஊரை ஊராக்கிய ஈய லம்பம், அதாவது வெள்ளீயச் சுரங்கம், நம் காலடியில் எதை விட்டுப்போனது என்று பேசுவதே இல்லை. எனக்கு அதுதான் முதலில் பேசவேண்டிய பாரம்பரியமாகப் படுகிறது.

கிராவல் பம்ப் லம்பத்தில் நீரைப் பீய்ச்சி அடித்து மண்மேட்டைக் கரைப்பார்கள். சேறு பள்ளத்தின் அடியில் சேரும். பம்ப் அதைப் பாலோங்குக்கு ஏற்றும். பாலோங் என்பது மரக்கால்கள்மேல் உயரக் கட்டிய, லேசாகச் சரிந்த நீண்ட வாய்க்கால். உள்ளே குறுக்குக் கட்டைகள் இருக்கும். ஈயத்தாது தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனம், மணலோ 2.65 மடங்குதான். அதனால் தாது கட்டையடியில் தங்கும், மணல் தாண்டி ஓடும். சரிவு கூடினால் தாதும் அடித்துக்கொண்டு போய்விடும். குறைந்தால் மணல் அடைத்துக்கொண்டு தாது தங்க இடமிருக்காது. அப்படித் தப்பிய தாதை டூலாங் என்ற குழிந்த மரத்தட்டில் அரித்தெடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இதை நேரில் புரிந்துகொள்ள கம்பாரில் கிராவல் பம்ப் அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இனிதான் விஷயம். பாலோங்கின் வாலில் விழுந்த மணல் அங்கேயே குவிந்தது. நுண்ணிய களிச்சேறு தண்ணீரோடு போய்க் குட்டைகளில் தேங்கியது. ஆக, ஒரே நிலத்தில் ஒருபக்கம் மணல், மறுபக்கம் கஞ்சிபோல் சேறு. பாரம் ஏறியதும் மணல் சீக்கிரம் அமுங்கி நின்றுவிடும். சேறு தண்ணீரை மெல்ல மெல்லத்தான் விடும், வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டின் எல்லையில் சுவர் நின்றால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பூசி மறைத்தாலும் திரும்ப வரும்.

இன்னும் அதிகமாக அடிவாங்குவது பின்னால் இழுத்துக் கட்டும் சமையலறைதான். வீடு பைல்மேல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்மேல் நிற்கிறது. சமையலறைக்குப் பைல் போடாமல் வெறும் மண்மேல் தளம் போட்டுவிடுகிறார்கள். வீடு அசையாது, சமையலறை இறங்கும். சேர்ந்த இடத்தில் விரல் நுழையும் அளவு பிளவு, தரை ஓடு தூக்கிக்கொள்ளும், மழைத்தண்ணீர் உள்ளே வரும்.

பைல் போட்டால் போதும் என்றும் நினைக்கவேண்டாம். சுற்றிலும் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் போலவே மண்ணுக்கடியிலும் பாறை கூர்கூராக நிற்கிறது. ஒரு பைல் 5 மீட்டரில் பாறையைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது 20 மீட்டரிலும் தொடாமல் போகலாம். சாய்ந்த பாறையில் முனை வழுக்கினால் பைல் முறியும். ஒன்றிரண்டு துளை போட்டு மண் பரிசோதனையை முடிப்பது இங்கே பரிசோதனையே அல்ல. சேற்றைத் தோண்டி எடுத்து மணல் நிரப்பலாம், அல்லது மேலே மண்மேடு ஏற்றி மாதக்கணக்கில் அமுங்கவிடலாம். இரண்டுக்கும் பணமும் பொறுமையும் வேண்டும்.

1985 அக்டோபரில் ஈய விலை சரிந்தது, லம்பங்கள் அடுத்தடுத்து மூடின. 1988 மே 27இல் ஈப்போ மாநகரானது. லம்பம் போன நிலத்தில் தாமான்கள், அதாவது குடியிருப்புப் பகுதிகள், எழும்பின. 1892 தீவிபத்துக்குப் பிறகு பழைய டவுனை நேர்நேர் தெருவாக வரைந்து கட்டினார்கள். அந்தக் கவனம் இந்த நிலத்துக்கும் கிடைத்திருக்கவேண்டும்.

அமாங்கையும் மறக்கவேண்டாம். தாதைப் பிரித்தபின் மிஞ்சிய இந்தக் கருமணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட் எல்லாம் உண்டு. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது கதிர்வீச்சு தரும் பொருள். ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் மோனசைட் ஆலையை எதிர்த்து மக்கள் நீதிமன்றம் வரை போனதும், 1994இல் அது மூடப்பட்டதும் இந்தக் கருமணலின் தொடர்ச்சிதான்.

பாலோங் எங்கே நின்றது, சேற்றுக் குட்டை எங்கே இருந்தது என்று காட்டும் பழைய லம்ப வரைபடங்களை, லாட் எண்ணைத் தட்டினால் யாரும் பார்க்கும்படி பொதுவில் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, முன்பணம் கொடுக்குமுன் மூன்றைக் கேளுங்கள்: கீழே மணலா சேறா, எத்தனை துளை போட்டார்கள், பைல் எத்தனை மீட்டரில் நின்றது. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.