மாப்பிள்ளை போட்ட தோட்டம்

(வீட்டின் பின்புறம். முழங்கால் உயரத்துக்குப் புல். அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மருமகன், மடியில் பெரிய வரைபடத்தாள். களைக்கொத்துடன் மாமனார் வருகிறார். மாப்பிள்ளையை மாமனார் திட்டக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அவர் அதைக் காப்பாற்றப் படும் பாட்டைக் கவனிக்கவும்.)

மருமகன்: வாருங்கள் மாமா. காய்கறித் தோட்டம் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

மாமனார்: அப்படியா? (சுற்றிலும் பார்க்கிறார்.) எந்த வீட்டில் மாப்பிள்ளை?

மருமகன்: தாளில் மாமா. மொத்தம் இருபது பாத்தி. ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை செய்து சாயம்கூட அடித்துவிட்டேன்.

மாமனார்: பலகை நடும் பருவத்தைத் தவறவிடவில்லை. நல்லது. விதை?

மருமகன்: பருவம் தொடங்குவதற்குள் தீர்ந்துவிடுமே என்று எல்லாம் வாங்கிவிட்டேன். தக்காளியில் மட்டும் ஐந்து வகை. பூசணி பன்னிரண்டு கொடி.

மாமனார்: ஒரு பூசணிக்கொடி சாதாரணமாகப் பத்தடி ஓடும். பன்னிரண்டு கொடி வைத்தால், நாம் குடியிருக்க வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும். அது கிடக்கட்டும். முதல் ஆறு பாத்தி எங்கே வருகிறது?

மருமகன்: அந்த மரத்தடியில். நிழலாக இருக்கிறது, வேலை செய்ய வசதி.

மாமனார்: உங்களுக்கு வசதி. தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் காய்க்க வேண்டியவை. அவற்றுக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும்.

மருமகன்: அப்படியானால் மரத்தடியில் கீரை போடலாமா? அதற்கு 3, 4 மணி நேர வெயில் போதும் என்று படித்தேன்.

மாமனார்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கீரைக்குப் போடும் உரத்தையும் தண்ணீரையும் முதலில் அந்த மரம் சாப்பிடும். மிச்சம் இருந்தால் கீரைக்கு.

மருமகன்: (பென்சிலால் அடித்தபடி) ஆறு பாத்தி போயிற்று.

மாமனார்: பாத்தி என்ன அகலம்?

மருமகன்: எட்டடி.

மாமனார்: நடுவில் முளைக்கிற களையை எப்படி எடுப்பீர்கள்?

மருமகன்: உள்ளே இறங்கித்தான்.

மாமனார்: பாடுபட்டுப் பொலபொலவென்று கொத்தி வைத்த மண்ணை நாமே மிதித்து இறுக்குவதா? 4 அடிக்கு மேல் போனால் இரு பக்கமும் நின்று கை எட்டாது மாப்பிள்ளை.

மருமகன்: எனக்குக் கை நீளம் மாமா.

மாமனார்: அதை வெளியில் சொல்லிக்கொள்ளாதீர்கள். எனக்கு இந்த ஊரில் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

(மேலும் சில பாத்திகள் அடிபடுகின்றன. குழாய் வீட்டின் முன்பக்கம் இருப்பது நினைவுக்கு வந்ததும், கடைக்கோடியில் இருந்தவை தாமாகவே மறைகின்றன. வரைபடத்தில் இப்போது கோடுகளைவிட அடித்தல்களே அதிகம்.)

மருமகன்: பாத்தி குறைந்தால் குறையட்டும். மண் ஆராய்ச்சியில் நான் யாருக்கும் சளைத்தவன் அல்ல. இதைப் பாருங்கள்!

(நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுக்கிறார். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். அடியில் விரல் கனத்துக்கு மணல். அதற்குமேல் எல்லாம் கலங்கல்.)

மருமகன்: குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் வண்டல் படியச் சில மணி நேரம். களி படிய ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகும். எது எவ்வளவு கனம் என்று அளந்தால் நம் மண் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

மாமனார்: அட! இது நல்ல வேலை மாப்பிள்ளை. (உண்மையாகவே சொல்கிறார். மருமகன் இதற்குத் தயாராக இல்லை, முகம் சிவக்கிறது.)

மருமகன்: ஆகவே, களி படியும்வரை நாளை மாலை வரையாவது தோட்டத்தில் யாரும் எதையும் தொடக் கூடாது.

மாமனார்: புட்டி வேலை செய்யட்டும். அதற்கு நம் துணை எதற்கு? (குனிந்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தள்ளுகிறார். மண் நாடாபோல் நீண்டு, தொங்கி, பிறகுதான் அறுகிறது.) பார்த்தீர்களா? களி அதிகம்.

மருமகன்: ஒரு மூட்டை மணலைக் கலந்துவிட்டால்?

மாமனார்: கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்து வெயிலில் காய்ந்தால் சுவர் கட்டலாம். செடிக்கு மக்கிய உரம்தான் வேண்டும். 2, 3 அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மேல்மண்ணில் அரையடி ஆழம்வரை கலக்க வேண்டும்.

மருமகன்: அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். இன்று போட்ட சாணம், ஒரு வண்டி. சுடச்சுட வந்து இறங்கப் போகிறது.

மாமனார்: (களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து விடுகிறார்.) உங்கள் சுறுசுறுப்பை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஆனால் பச்சைச் சாணம் இளவேரைப் பொசுக்கிவிடும். மாடு தின்ற களைவிதை வேறு அதிலேயே முளைக்கும். ஒரு மூலையில் குவித்து மக்கவிடுங்கள்.

மருமகன்: மக்கிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாமனார்: கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். மழை பெய்த மண்ணின் வாசனை வரும். மூக்கைப் பொத்த வேண்டியிருந்தால் இன்னும் மக்கவில்லை.

மருமகன்: அதுவும் போகட்டும். இந்தப் புல்லுக்கு அருமையான யோசனை வைத்திருக்கிறேன். உழும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி மண்ணுக்குள்ளேயே புதைத்துவிடலாம்.

மாமனார்: இது அருகு. கணு உள்ள துண்டெல்லாம் தனிச்செடியாகும். அழிப்பதாக நினைத்துக்கொண்டு பயிரிடுகிறீர்கள். நிச்சயம் நன்றாக வரும். நீங்கள் போட்டதிலேயே அதுதான் நன்றாக வரும்.

மருமகன்: அப்படியானால் கையால் பிடுங்க வேண்டியதுதானா? (ஒரு கோரையைப் பற்றி இழுக்கிறார். தலை மட்டும் கையோடு வருகிறது.) வந்துவிட்டது!

மாமனார்: தலைதான் வந்திருக்கிறது. (மண்ணைக் கிளறுகிறார். நூல்போன்ற வேரின் முனையில் கறுப்பாக ஒரு சிறு கிழங்கு. அதிலிருந்து இன்னொரு நூல், இன்னொரு கிழங்கு.) குடும்பமே கீழே இருக்கிறது.

மருமகன்: மேலே அட்டையைப் பரப்பி வெளிச்சத்தை மறைத்துவிட்டால்?

மாமனார்: மற்றப் புல் பெரும்பாலும் மடங்கிவிடும். கோரை பிளாஸ்டிக் விரிப்பையே குத்திக்கொண்டு வரும். அதைக் கிழங்கோடுதான் எடுக்க வேண்டும். இப்போது சொல்லுங்கள், எத்தனை பாத்திக்குக் கிழங்கு பொறுக்குவீர்கள்?

மருமகன்: (நெடுநேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு) ஒன்று. 4 அடி அகலம், 8 அடி நீளம்.

மாமனார்: இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன், உங்கள் வாயிலிருந்தே வந்துவிட்டது. என்னென்ன போடலாம்?

மருமகன்: வெண்டை. பீன்ஸ். அப்புறம் கேரட்டை முதலில் நாற்றுவிட்டு, பிறகு எடுத்து நட்டு…

மாமனார்: பிடுங்கி நட்டால் கேரட் இரண்டு கால், மூன்று காலோடு வரும். அதை நேராகவே விதைக்க வேண்டும். இந்தக் களிமண்ணில் அப்படி விதைத்தாலும் கோணிக்கொள்ளும். இந்தப் பருவம் கேரட் வேண்டாமே. பீன்ஸ் நல்ல தேர்வு. அதன் வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். சரி, மண்வெட்டியை எடுங்கள்.

மருமகன்: இன்றைக்கேவா? மாமா, நேற்று மழை பெய்திருக்கிறது. களிமண்ணை ஈரத்தில் கொத்தினால் கட்டிகட்டியாக இறுகிவிடும். இது நான் சொல்லவில்லை, விவரம் தெரிந்த எல்லோரும் சொல்கிறார்கள்.

மாமனார்: முழுக்க உண்மை. (ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் இறுக்கி உருண்டையாக்கி, விரலால் தட்டுகிறார். அது உதிர்கிறது.) ஈரம் அதிகமாக இருந்தால் உருண்டை அப்படியே நிற்கும். இது உதிர்ந்துவிட்டது. கொத்தப் பதமாக இருக்கிறது.

மருமகன்: ஒரு பிடியை வைத்து முடிவுக்கு வரலாமா? பல இடங்களில் மாதிரி எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

மாமனார்: அப்படியே செய்யுங்கள். முறையை ஏன் விட வேண்டும்? பாத்தியின் இந்த மூலையில் தொடங்குங்கள். அரையடி ஆழம் போதும். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் இடைவெளி மட்டும் விடாதீர்கள்.