ரயிலில் பைக் அனுப்ப நாமும் அதே ரயிலில் போக வேண்டியதில்லை

சென்னையில் வாங்கிய பைக்கை ரயிலில் காரைக்குடிக்கு அனுப்ப, டிக்கெட் எடுத்து அதே ரயிலில் கூடவே வந்தாக வேண்டும் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது லக்கேஜாக, அதாவது நம்மோடு வரும் சாமானாகப் போட்டால்தான், அண்ணே. பார்சலாக, அதாவது வண்டியை மட்டும் தனியாகப் போட்டால் பயண டிக்கெட்டே தேவையில்லை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் வரும் குழப்பம் இது.

போன தை மாதம் என் பைக்கும் சென்னையிலிருந்து இப்படிப் பார்சலில்தான் வந்தது, நான் எழும்பூர் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. வண்டியை விற்றவரே ஆர்சி நகல், அடையாள அட்டையோடு போய்ப் பதிந்தார். டேங்கில் சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. சாக்கு சுற்றி, ஊர் பெயர் எழுதிய அட்டையை ஹேண்டிலில் கட்டினார்கள். அசல் ரசீது கூரியரில் வந்தது, அதைக் காட்டி இங்கே காரைக்குடி ஸ்டேஷனில் வண்டியை எடுத்தேன். (இண்டிகேட்டர் ஒன்று உடைந்திருந்தது, அது வேறு கதை.)

சந்தேகம் இருந்தால் காரைக்குடி ஜங்ஷன் பார்சல் அலுவலகத்தில் “டிக்கெட் இல்லாமல் பைக் பதியலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். ரயில்வே இணையதளத்திலும் லக்கேஜ் விதி, பார்சல் விதி தனித்தனியாகவே இருக்கிறது.