பாலிஷ் போட்டால் கோடு போகும் என்று எவன் சொன்னான்?

மூன்று ஞாயிற்றுக்கிழமை போச்சு. இடுப்பு போச்சு. ராத்திரி படுத்தால் உள்ளங்கை இரண்டும் மெஷினைப் பிடித்திருப்பது போலவே குறுகுறுக்கிறது. இவ்வளவு பாடுபட்டுவிட்டு மறுநாள் காலை வெயிலில் காரை நிறுத்திப் பார்த்தால், பானட்டில் முன்னால் இருந்ததைவிடக் கோடு அதிகம். குறையவில்லை, அதிகம்!

கறுப்பு கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "ஒத்தக்கடைப் புழுதிக்கு வெள்ளைதான் சரிப்படும்" என்று வீட்டில் தலையால் அடித்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மற்ற எதையும் ஒத்துக்கொள்வதாக இல்லை.

நிழலில் நின்றால் புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும். வெயில் பட்டால் சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி ஒரு சிலந்தி வலை. ராத்திரி பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வலை. இதற்குப் பெயர் ஸ்விர்ல். வட்டமாகத் தெரிவதால் யாரோ வட்டமாகத் தேய்த்துக் கீறியிருக்கிறார்கள் என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லை. தேங்காய் நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அதே வலைதான். கீறல்கள் எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

கீறியது யார்? கார் வந்த நாளிலிருந்து அப்பா தினமும் காலையில் வாசலுக்கு வந்து, தோளில் கிடக்கிற துண்டை எடுத்து உதறி, காய்ந்த புழுதியோடு பானட்டை ஒரு துடை துடைப்பார். பாசம்தான், வேறென்ன? ஆனால் நான்கு வழிச் சாலையிலிருந்து பறந்து வருகிற புழுதியில் பாதி மணல். மேல் பெயிண்டைவிட மணல் எவ்வளவோ கெட்டி. அப்பா துடைக்கவில்லை, உப்புத்தாள் போட்டிருக்கிறார். மாதம் ஒரு தடவை வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் அங்கே இன்னும் மோசம். எனக்கு முன்னால் நின்ற டிராக்டரைத் துடைத்த அதே பனியன் வேஸ்ட்டை அதே வாளியில் முக்கி, அதே ஈரத்தோடு என் கதவுக்கு வருகிறார்கள். கேட்டால், "நல்லா அலசித்தான்ணே போடுறோம்."

சரி, நாமே பாலிஷ் போட்டுவிடுவோம் என்று கிளம்பியதுதான் வினை.

வீடியோவில் எவ்வளவு சுலபம்! மெஷினில் பஞ்சு மாதிரியான பேடை ஒட்டுகிறான், கீறலை அறுக்கிற பசையான காம்பவுண்டை நான்கு சொட்டு வைக்கிறான், அங்கிட்டும் இங்கிட்டும் நான்கு ஓட்டு ஓட்டுகிறான், துணியால் துடைக்கிறான். கண்ணாடி. பின்னணியில் பாட்டு வேறு. கோடு போகாவிட்டால் என்ன பார்க்க வேண்டும் என்று ஒருத்தனும் வாயைத் திறப்பதில்லை. அவனுக்குத்தான் போய்விட்டதே, அவன் ஏன் சொல்லப்போகிறான்? கோடு போகாத நான் யாரிடம் கேட்பது?

கேட்டேன். கேட்டதுதான் அடுத்த தப்பு.

முதலில் மச்சான். "அழுத்திப் பிடிங்க மாமா, பஞ்சு மாதிரி தடவுனா எப்படிப் போகும்?" நானும் பரோட்டா மாவை அடித்துப் பிசைகிற மாதிரி முழு எடையையும் போட்டு அழுத்தினேன். ஒரு மணி நேரம். பானட் அப்படியே இருந்தது. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. நான் வாங்கியது டி.ஏ., அதாவது டூயல் ஆக்‌ஷன் மெஷின். இதில் பேடு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, மையம் விலகியும் ஒரு சின்ன வட்டம் போடும். இரண்டும் சேர்ந்தால்தான் கீறலை அறுக்கும். ஆனால் அந்தத் தன்னைத்தானே சுற்றுவது மோட்டாரோடு பூட்டிய சுற்று இல்லை, சும்மா விட்ட சுற்று. அழுத்தினால் நின்றுவிடும். மெஷின் உறுமும், கை அதிரும், சத்தம் கேட்கும், பேடு மட்டும் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை நடக்கிற மாதிரிதான் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் போதும். பேடு ஒட்டுகிற தட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் சரி. நின்றால் அழுத்தம் அதிகம், அல்லது பேடைச் சாய்த்துப் பிடித்திருக்கிறோம், அல்லது பானட்டின் வளைவில் ஒரு ஓரம் மட்டும் படுகிறது. இரண்டு ரூபாய்க் கோடு! ஏழாயிரம் ரூபாய்க்கு மெஷினும் பேடும் விற்ற ஆளுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. பாட்டுப் போட்ட வீடியோக்காரனுக்கும் வரவில்லை.

இரண்டாவது ஞாயிறு, காளவாசல் பக்கம் ஒரு கடை. "கோடு போகலையா? இன்னும் கட்டிங் உள்ள காம்பவுண்ட் போடுங்க சார்." அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இன்னொரு பாட்டில். வாங்கினேன், போட்டேன். பழைய கோடு போனது உண்மை. அதற்குப் பதில் பானட் முழுக்க மங்கலாக, குளிர்காலத்துக் கண்ணாடி மாதிரி ஒரு புகை. வெயிலில் பார்த்தால் பொடிப்பொடியாகப் புதுக் கீறல்கள். நானே போட்டவை.

இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேடைத் திருப்பிப் பார்த்தேன். அறுத்தெடுத்த பெயிண்டும் காய்ந்த காம்பவுண்டும் சேர்ந்து, அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி பொருக்குத் தட்டிக் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு முழு பானட்டையும் தேய்த்திருக்கிறேன்! பானட்டில் ஒவ்வொரு சதுரக் கட்டம் முடிந்ததும் பேடை பிரஷ் போட்டோ காற்று அடித்தோ சுத்தம் பண்ண வேண்டும். ஒரு முழுக் காருக்கு நான்கைந்து பேடு வேண்டும், சூடேறி அழுக்கானதை ஓரம் வைத்துவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். என்னிடம் விற்றது கெட்டி, மிருது என்று கலருக்கு ஒன்று. "ஒண்ணு போதும் சார், கழுவிக்கிடலாம்." ஒரே கரண்டியால் சாம்பாரும் பாயசமும் ஊற்றுகிற கதைதான். தவிர, கட்டிங் காம்பவுண்ட் போட்ட பிறகு மெல்லிய பாலிஷும் மிருதுவான பேடும் வைத்து இன்னொரு ஓட்டு ஓட்டினால்தான் அந்தப் புகை போகும் என்பதை அந்தப் பாட்டில் விற்ற வாய் ஏன் சொல்லவில்லை?

வெயிலைப் பற்றித் தனியாகக் குமுற வேண்டும். வீடியோக்காரன் ஏசி போட்ட ஷெட்டில் நிற்கிறான். நான் அக்னி நட்சத்திரத்தில் மதுரையில், தகர ஷீட் போட்ட போர்ட்டிகோவில் நிற்கிறேன். காலை பத்து மணிக்கே பானட் தோசைக்கல். காம்பவுண்ட் வைத்த வேகத்தில் காய்ந்து, மாவு மாதிரிப் பறந்து, மூக்கிலும் வைப்பர் இடுக்கிலும் போய் உட்காருகிறது. காய்ந்த பிறகு ஓட்டுவது பாலிஷ் இல்லை, மறுபடி உப்புத்தாள். விடிவதற்குள் எழுந்து, தகடு சில்லென்று இருக்கும்போதே இரண்டு மூன்று கட்டம் முடித்துவிட்டு எட்டு மணிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் இங்கே நடைமுறை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, அதற்கு மேல் ஒரு தடவைக்கு ஆசைப்படக் கூடாது. மெஷினையும் நத்தை மாதிரிப் பைய நகர்த்த வேண்டும், நொடிக்கு ஒரு அங்குலம் அளவுக்கு. நான் வாசல் தெளிக்கிற வேகத்தில் வீசிக்கொண்டிருந்தேன்.

இடையில் தெருக்கோடி வெல்டிங் பட்டறை அண்ணன் வேறு. "இதுக்கா மூணு வாரம்? நம்ம கிரைண்டர்ல கம்பளிப் பேடு மாட்டி அரை மணி நேரத்துல அடிச்சுருவோம் தம்பி." நல்ல மனுஷன், மனசார உதவிக்குத்தான் கூப்பிட்டார். அந்தக் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரே மையத்தில் சுற்றுகிற ரோட்டரி பாலிஷரையே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறில்தான் ஓட்டுவார்கள். அதிலும் கை தவறினால் வெயிலில் தோகை விரித்த மாதிரி பட்டை பட்டையாக மினுக்கம் விழும். கிரைண்டரைக் கதவு விளிம்பில் வைத்தால் கறுப்பு போய், பிரைமர் போய், தகடு சிரிக்கும். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஆனால் எனக்கு வயிறு எரிவது வேறு ஒரு விஷயத்துக்கு. போன வருஷம் ஒரு இடத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்து ரப்பிங் பாலிஷ் போட்டேன். சாயங்காலம் டியூப் லைட் வெளிச்சத்தில் காட்டினார்கள். ஒரு கோடு இல்லை. இரண்டு மாசம், இரண்டு தடவை தண்ணீர் அடித்ததும் வலை பூராவும் திரும்பி வந்தது. நான் அப்பாவைத் திட்டினேன். பாவம் அவர். கோடு போகவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அவர்கள் போட்டதில் இருந்த எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள் போய் உட்கார்ந்து மறைத்திருக்கிறது, குண்டு குழியில் தண்ணீர் தேங்கினால் ரோடு சமமாகத் தெரிகிற மாதிரி. டியூப் லைட்டில் காட்டியதும் தற்செயல் இல்லை. அந்தப் பரவின வெளிச்சத்தில் இந்த மாதிரி மெல்லிசுக் கீறல் கண்ணில் படாது. மொபைல் டார்ச்சை அடித்தால் தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து ஒரு துடை துடைத்தால் எண்ணெய் போய் உண்மை நிலவரம் வெளியே வந்துவிடும். இனி யார் பாலிஷ் போட்டுக் காட்டினாலும், நானே போட்டாலும், துடைத்துவிட்டு டார்ச் அடித்துத்தான் நம்புவேன். (கொரோனா காலத்தில் மிஞ்சின சானிடைசர் ஜெல்லைத் தடவாதீர்கள். அது பிசுபிசுவென்று ஒட்டும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

"போகிற வரைக்கும் தேய்ச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதானே?" என்கிறவர்களுக்கு: கறுப்புக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், சுமார் 40 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லிசு. ஒவ்வொரு தடவையும் அதிலிருந்துதான் சீவி எடுக்கிறோம். எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்தவர் எத்தனை தடவை சீவினாரோ. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற கீறலை அப்படியே விட்டுவிட வேண்டும். நான் விடாமல் ஒரு கீறலோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். புத்தி.

இத்தனையும் தெரிந்துகொண்டு, நேற்று நான்காவது ஞாயிறு, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். காரைக் கழுவி, களிமண் மாதிரி இருக்கும் கிளே பாரை சோப்புத் தண்ணீரோடு உருட்டி ஒட்டிக்கிடந்த சொரசொரப்பை எடுத்தேன். துடைத்துவிட்டு பானட் நடுவில் மாஸ்கிங் டேப்பால் ஒரு கட்டம் கட்டினேன். சுத்தமான பேடு, நான்கு சொட்டு, மார்க்கர் கோட்டில் ஒரு கண். குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக ஓட்டினேன். துவைத்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைத்து, ஆல்கஹால் அடித்து, டார்ச் அடித்தேன்.

ஒரு கோடு இல்லை. உண்மையாகவே இல்லை. என் மூஞ்சி அதில் தெரிந்தது, தூக்கம் கெட்ட கண்ணோடு.

டேப்பை உரித்ததும் இன்னொரு கூத்து. சுற்றிலும் சிலந்தி வலை, நடுவில் மட்டும் ஒன்றரை அடிக் கறுப்புக் கண்ணாடி. சலூனில் பாதி மழித்துவிட்டுக் கரண்ட் போன மாதிரி. இன்னும் முக்கால்வாசிக்கு மேல் பானட், கூரை, நான்கு கதவு, டிக்கி மிச்சம். இதே வேகத்தில் போனால் தீபாவளி ஆகிவிடும். "பேசாம செராமிக் கோட்டிங் போட்டுருங்க மாமா" என்று மச்சான் போன் பண்ணினான். கீறலின் மேலேயே அதைப் போட்டால் கீறலுக்கு லேமினேஷன் பண்ணின மாதிரிதான்டா என்று கத்திவிட்டு வைத்தேன்.

அதற்குள் அப்பா டீ டம்ளரோடு வாசலுக்கு வந்தார். பானட்டைக் குனிந்து பார்த்தார்.

"அது என்னப்பா, அங்க மட்டும் ஈரமா இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் துண்டு தோளிலிருந்து கைக்கு வந்துவிட்டது.