"எல்லாம் பாத்தாச்சு சார்" என்கிற மூணு வார்த்தைப் பொய்

"எல்லாம் பாத்தாச்சு சார், இனி ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்ல." கூலியை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டே படகு மெக்கானிக் சொல்கிற வசனம். எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். மேல் மூடியைக் கழற்றி, துணியால் துடைத்து, ஸ்ப்ரே அடித்துப் பளபளவென்று திருப்பிக் கொடுப்பதற்கு சர்வீஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கார் நடுவழியில் நின்றால் இறங்கி ஓரமாகத் தள்ளலாம். படகை எங்கே இறங்கித் தள்ளுவது?

வேலை தெரியாத ஆள் மீது இவ்வளவு ஆத்திரம் வராது. தெரியாது என்று சொல்லிவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். இது தெரிந்தே செய்கிற திருட்டு. கழற்றாததைக் கழற்றினேன் என்பார், மாற்றாததை மாற்றினேன் என்பார். அந்தப் பொய் கரையில் மாட்டாது, ஆழத்துக்குப் போன பிறகுதான் மாட்டும் என்பதும் அவருக்கு நன்றாகவே தெரியும்.

படகின் பின்னால் மாட்டுகிற எஞ்சினான அவுட்போர்டின் இம்பெல்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் சக்கரம். எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீரை மேலே ஏற்றுவது அதுதான். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓட்டினாலே அதன் இதழ்கள் கருகிவிடும். அதை மாற்ற வேண்டுமென்றால் கியர் பெட்டி இருக்கிற கீழ்ப்பகுதி மொத்தத்தையும் இறக்க வேண்டும். கியர் ராடைப் பிரித்து, உப்பில் இறுகிப்போன போல்ட்டுகளைச் சூடு காட்டிக் கழற்றி... இடுப்பு ஒடிகிற வேலை. அதனால் செய்யாமலே பில்லில் எழுதிவிடுவார். ஓஸை மாட்டி ஓட்டிக் காட்டி, "பாருங்க சார், தண்ணி எப்படிப் பீச்சுது" என்பார். நாமும் தலையாட்டுவோம். அந்தத் தண்ணீரைத் தள்ளுவது பல நேரம் குழாயின் அழுத்தம்தான். இதழ் பாதி பிய்ந்திருந்தாலும் ஓஸில் ஓட்டும்போது அழகாகப் பீச்சும். உண்மை தெரிய வேண்டுமானால் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் முக்கி ஓட்ட வேண்டும். அப்போதும் முழு உண்மை தெரியாது. பல மாடல்களில் அந்தப் பீச்சுக்குழாய், சூட்டைப் பொறுத்துத் தண்ணீரைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரிந்துவிடும். தெர்மோஸ்டாட் உப்பில் இறுகி மூடிக் கிடந்தால் வெளியே தண்ணீர் ஜோராகப் பீச்சும், உள்ளே எஞ்சினின் தலைப்பகுதி (ஹெட்) வெந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ் போதும். வேலைக்குக் கொடுப்பதற்கு முன் கீழ்ப்பகுதி போல்ட்டில் இரண்டின் தலையிலிருந்து பாடி வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், அவர் கண்ணுக்குப் படாத பக்கத்தில். திரும்பி வரும்போது கோடு உடையாமல் இருந்தால் அந்த போல்ட்டை யாரும் தொடவே இல்லை. இதற்கு மேல் விவாதமே வேண்டாம்.

சரி, நிஜமாகவே மாற்றினார் என்றே வைத்துக்கொள்வோம். எப்படி மாற்றினார்? இம்பெல்லரைச் சுழற்றுகிற ஷாஃப்டை அது சுற்றும் திசையில் திருப்பிக்கொண்டே பம்பின் மூடியை (ஹவுசிங்) இறக்கினால்தான் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். அவசரக்காரர் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பார். இம்பெல்லர் உரசுகிற அடித்தட்டு கீறல் விழுந்து கிடக்கும், அது சுற்றுகிற கப் தேய்ந்திருக்கும், ரப்பரை மட்டும் மாற்றி முழு கிட்டுக்கும் காசு வாங்கியிருப்பார். பழைய இம்பெல்லரில் இரண்டு இதழ் காணவில்லை என்றால் அந்தத் துண்டுகள் மேலே தண்ணீர்ப் பாதையில் எங்கோ சிக்கிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டு என்ன பயன்? மூடும்போது தண்ணீர்க் குழாய் அதன் ரப்பர் வாய்க்குள் சரியாக உட்காராவிட்டால் ஏற்றுகிற தண்ணீர் பாதியிலேயே ஒழுகிப்போகும். எஞ்சின் சூடேறி எச்சரிக்கை பஸ்ஸர் கத்தும், "சென்சார் கோளாறு சார்" என்று சொல்லி பஸ்ஸர் வயரைப் பிடுங்கிவிடுவார். ஆமாம், இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்! வீட்டில் நெருப்புக்கு மணி அடித்தால் மணியைக் கழற்றுவதைப்போல.

கார்புரேட்டர் கதை இன்னும் மோசம். எஞ்சின் ஐடிலில் அணைந்து அணைந்து போகிறதா? பெட்ரோலை அளந்து விடுகிற சிறு துளையான ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் பண்ண ஒரு மணி நேரம், ஐடில் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருக ஐந்து விநாடி. எதைச் செய்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கையேட்டில் 700 ஆர்பிஎம் என்றிருப்பது 1200-ல் ஓடும். கியர் போடும்போது "டொக்" என்று இடிக்கும் சத்தம் கேட்கிறதே, அது கிளட்ச் பல்லின் முனை தேய்கிற சத்தம். கழற்றினாலும் சிலர் ஜெட்டுக்குள் கம்பியை விட்டுக் குடைவார்கள். பித்தளை ஓட்டை அது, கம்பி பட்டால் அளவு போய்விடும். டிரம்மில் ஐடிலில் ஓடும்போது மெயின் ஜெட்டுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அது பாதி அடைத்திருந்தாலும் கரையில் பூனை மாதிரி உறுமும். சுமையோடு முழு வேகத்தில் போகும்போதுதான் பெட்ரோல் பற்றாமல் போகும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலில் கலந்துதான் வருகிறது, 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்தது. பிஸ்டன் தலை ஓட்டையாவது இப்படித்தான். அப்புறம் அவரிடமே போனால், "நீங்க ஆயில் சரியா ஊத்தல சார்!"

கியர் ஆயில் பால் போட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். நம்மாள் புது ஆயிலை ஊற்றிவிட்டு, தண்ணீர் புகாமல் தடுக்கிற சீலை மாற்றியதாகச் சொல்வார். நாலு நாள் ஓட்டினால் மறுபடியும் அதே காபி. ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றி சீலை அறுத்திருக்கும், அதை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் சீல் உட்காருகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். ஆயிலை அடி ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் வழியும்வரை விட்டு, இரண்டு ஸ்க்ரூவுக்கும் புது வாஷர் போட வேண்டும். வாஷர் காசுக்குக்கூடப் பெறாத சாமான், அதையும் பழசையே நசுக்கி மாட்டுகிறார்களே, என்ன ஜென்மமோ!

உப்பு அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டிய துத்தநாகக் கட்டிக்குப் பெயிண்ட் அடிப்பது, ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்த இடத்தில் சாதா இரும்பு, காஸ்கெட்டுக்குப் பதில் சிலிக்கான் அப்புவது, இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் ரத்தக் கொதிப்புதான் ஏறும்.

பழைய சாமான் எல்லாம் கைக்கு வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லி, பில்லில் பார்ட் நம்பரோடு எழுதச் சொல்லுங்கள். "தூக்கிப் போட்டுட்டேனே" என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் வருகிற அழுத்தம்) பார்த்தேன் என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் என்ன எண் வந்தது என்று கேளுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி. எண்ணே சொல்லத் தெரியாவிட்டால் அதை அளக்கிற கேஜை அவர் தொடவே இல்லை.

டிரையலை தண்ணீரில், வழக்கமான சுமையோடு வைத்துக்கொள்ளுங்கள், அவரையும் ஏற்றிக்கொண்டு. பத்து நிமிஷம் முழு த்ராட்டில். பல அவுட்போர்டுகளுக்கு 5000-லிருந்து 6000 வரை ஆர்பிஎம் வர வேண்டும், உங்கள் கையேடு சொல்கிற எண்ணைப் பாருங்கள். பிறகு ஐடிலுக்கு இறக்கி ஐந்து நிமிஷம், கியரை முன்னும் பின்னும் போட்டு. கரைக்கு வந்து ஒரு ராத்திரி நிற்கட்டும். காலையில் கியர் பெட்டியின் அடி ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தி முதல் இரண்டு சொட்டை விரலில் வாங்கிப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். மீதிக் கூலி அதற்குப் பிறகு.