என் சைக்கிளின் ஸ்டாண்டு யார் கண்ணை உறுத்துகிறது?

வேலூர்க் கோட்டை அகழியோரம் விடியற்காலையில் சைக்கிள் மிதிப்பதற்குக்கூட இனி யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டும் போலிருக்கிறது. என் வண்டியில் ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, பெல் எல்லாம் உண்டு. காலில் ரப்பர் செருப்பு. இவற்றில் ஒன்றுகூட முறைப்படி இல்லை என்று, நான் கேட்காமலேயே, பந்தய சைக்கிளில் கூட்டமாக வரும் ஆர்வலர்கள் பாகாயம் தாண்டி அமிர்தி வரைக்கும் பக்கத்திலேயே வந்து பாடம் நடத்துகிறார்கள்.

நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்க வேண்டுமாம். பந்தய வீரர் செலுத்தும் ஆற்றலுக்கு அது பொருந்தும். ஆற அமரப் போகிறவனுக்கு 60, 70 சுற்றில்தான் உடம்பு சக்தியைக் குறைவாகச் செலவழிக்கிறது. சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்கால் போய்விடும் என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பேன். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்றால் நன்றியும் சொல்வேன். ஆனால் சித்திரை வெயிலில் உடம்போடு ஒட்டிய லைக்ராதான் அணிய வேண்டும், மட்கார்டு இருந்தால் வண்டிக்கு அழகு கெடும் என்பதெல்லாம் எந்த ஊர் நியாயம்?

1933-இல் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் சாய்ந்து படுத்தபடி ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கான சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வடிவத்தைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்துக்கு விதி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்த விதிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு, பாலாற்றுப் பாலத்தில் காற்று வாங்கப் போகிறவனையும் அதிகாரம் செய்வதுதான் எரிச்சலாக இருக்கிறது. அந்த விதிகளாவது நிலையாக நிற்கின்றனவா? 23 மில்லிமீட்டர் அகல டயர்தான் வேகம் என்று சாதித்தவர்களே இன்று 28-க்கு மாறி, அதையும் அதே உறுதியோடு சாதிக்கிறார்கள்.

ஸ்டாண்டால் எடை கூடுமாம். பந்தயத்திலேயே சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். நான் யாரை முந்தப் போகிறேன்?

போன வாரம் டீக்கடை வாசலில் அவர்களுடைய வண்டிகள் வரிசையாகப் புளியமரத்தின் மேல் சாய்ந்திருந்தன. ஒன்று சரிந்ததும் அடுத்ததும் சரிந்தது. கீழே கிடந்ததில் பின் கியரைத் தாங்கும் கொக்கி உள்பக்கம் வளைந்துபோய், சங்கிலி எந்தப் பல்லிலும் நிற்காமல் கடகடத்தது. கிரீஸ் படிந்த விரல்களோடு அதை நிமிர்த்திக்கொண்டிருந்தவர், ஸ்டாண்டில் ஆடாமல் நின்ற என் வண்டியை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சார், அதை முதலில் கழற்றிப் போடுங்கள், அசிங்கமாக இருக்கிறது" என்றார்.